எரிமலைக் கல் தொட்டியில் கற்றாழை: தளவானூர் பாறை சொல்லிக்கொடுத்த லோன் கணக்கு



போன வாரம் வீடியோல ஒரு கல்தொட்டியைக் காட்டி, "செடி, பேக்கிங் எல்லாம் சேர்த்து 144 ரூபாய்"னு சொன்னேன் இல்லையா? அதைப் பார்த்துட்டு நிறைய பேர் தொட்டி செய்யற முறையைக் கேட்டீங்க. கண்டிப்பா சொல்றேன். ஆனா அந்தத் தொட்டிக்குப் பின்னாடி 1.5 லட்சம் ரூபாய் பர்சனல் லோன் கதை ஒண்ணு இருக்கு. முதல்ல அதைச் சொல்லிடறேன், ஏன்னா தொட்டியை விட அதுதான் உங்களுக்கு முக்கியம்.

தம்பியோட திட்டம்

நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி மெயில் பண்ணியிருந்தார். வயசு 24. சென்னையில வேலை. கைக்கு வர்ற சம்பளம் 32,000. ரூம் வாடகை 8,000, வீட்டுக்கு அனுப்பறது 10,000, சாப்பாடு, பஸ், போன் எல்லாம் 7,000. மாசக் கடைசியில 7,000 மிஞ்சும். சேவிங்ஸ் அக்கவுண்ட்ல 18,000 இருக்கு. அவ்வளவுதான்.

அவர் கேட்டது: "அண்ணா, எரிமலைக் கல்லுல குடைஞ்ச தொட்டி, அதுல சக்குலண்ட் செடி. ஆன்லைன்ல ஒண்ணு 2,000 ரூபாய்க்குப் போகுது. 1.5 லட்சம் லோன் எடுத்து சைடு பிசினஸா ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். முதல்ல 100 தொட்டி வாங்கி விக்கறேன். அப்புறம் கல்லுக்குக் காசே வேண்டாம். எங்க ஊரு செஞ்சி பக்கம் தளவானூர். ஊரைச் சுத்தி எரிமலைக் கல்தான். நாமளே எடுத்துக்கலாம்."

சக்குலண்ட்னா இலையிலயோ தண்டுலயோ தண்ணியைச் சேர்த்து வெச்சுக்கிற சதைப்பற்றுள்ள செடி. கற்றாழை, பிரண்டை, கள்ளி எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

மெயிலைப் படிச்சதும் எனக்குக் கொஞ்சம் உறுத்துச்சு. ஏன்னா இந்த விஷயத்துல நானே அடிவாங்கினவன்.

என்னோட 6,900 ரூபாய்

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு செப்டம்பர் மாசம், ஆன்லைன்ல 3 எரிமலைக் கல் தொட்டி வாங்கினேன். ஒண்ணு 1,450 வீதம் 4,350. செடி 6, தலா 250 வீதம் 1,500. ஸ்பெஷல் மண்கலவை 650. டெலிவரி 400. மொத்தம் 6,900. கிரெடிட் கார்டுல போட்டு 6 மாச இ.எம்.ஐ.யா மாத்திட்டேன்.

அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சுது. தொட்டியைக் கூரை இல்லாத பால்கனியில வெச்சிருந்தேன். ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்கா இருந்த அந்த அழகான செடிங்க ஒவ்வொண்ணா கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டா கூழாகிடுச்சு. நவம்பர் கடைசியில ஆறுல ஒண்ணுதான் மிச்சம். இ.எம்.ஐ. மட்டும் மார்ச் வரைக்கும் போச்சு. செத்த செடிக்கு மாசாமாசம் காசு கட்டறது எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்.

அதனால தம்பிகிட்ட, "லோனுக்கு இப்போ அப்ளை பண்ணாதீங்க. உங்க ஊருக்கு வர்றேன், அந்தக் கல்லைப் பார்ப்போம்"னு சொன்னேன். ஜூன் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம்.

தளவானூர்ல பார்த்தது

செஞ்சிக் கோட்டை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்ல ஒண்ணா சேர்ந்துச்சு. ஆனா தளவானூருக்கு அதை விடப் பழைய பெருமை இருக்கு. 7-ம் நூற்றாண்டுல முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே ஒரு குன்றைக் குடைஞ்சு சிவனுக்குக் கோயில் செஞ்சான். அவனுக்குச் சத்ருமல்லன்னு ஒரு பட்டப்பேர். அதனால கோயில் பேர் சத்ருமல்லேஸ்வராலயம். முகப்புல மகரதோரணம், ரெண்டு பக்கமும் துவாரபாலகர்கள், தூண்ல கல்வெட்டு. சுமார் 1,400 வருஷ மழையும் வெயிலும் பார்த்த கல்லுல எழுத்து இன்னும் நிக்குது.

ஏன் நிக்குது? அது எரிமலைக் கல் இல்லை. கிரானைட், நம்ம கருங்கல்.

ரெண்டுக்கும் வித்தியாசம் இதுதான். பூமிக்கு அடியில ஆழத்துல பாறைக்குழம்பு ரொம்ப மெதுவா ஆறி இறுகினா கிரானைட். படிகங்கள் நெருக்கமா பின்னிக்கிட்டு இருக்கும், ஓட்டையே இருக்காது. செஞ்சி வட்டாரத்துப் பாறைகளுக்கு 200 கோடி வருஷத்துக்கும் மேல வயசு. அதே குழம்பு வெளியில வந்து சீக்கிரமா ஆறினா எரிமலைக் கல். வாயுக் குமிழி உள்ளே மாட்டிக்கிட்டா ஆப்பம் மாதிரி பொத்தல் பொத்தலா இருக்கும். ஸ்கோரியா, பியூமிஸ் எல்லாம் அந்த வகை. தொட்டியா விக்கறது பெரும்பாலும் அதுதான்.

நம்ம நாட்டுல எரிமலைப் பாறைக்குப் பேர்போன இடம் மகாராஷ்டிரம் பக்கம். சுமார் 6.6 கோடி வருஷம் முன்னாடி ஓடின குழம்புதான் தக்காணப் பீடபூமியோட பசால்ட். எல்லோரா கைலாசநாதர் கோயில் அந்தக் கல்லுல குடைஞ்சது. இங்கே ஒண்ணு கவனிங்க: குமிழி இல்லாத பசால்ட்டும் கிரானைட் மாதிரியே இறுக்கமாத்தான் இருக்கும். அதாவது 'எரிமலை'ங்கற பேரு இருந்தா மட்டும் போதாது. பொத்தல் இருக்கணும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. திட்டத்துல பாதி அந்த இடத்துலயே போயிடுச்சு. மீதிக்கு ரெண்டு சட்ட விஷயமும் இருக்கு. தளவானூர் குகைக்கோயில் தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கு. இந்த மாதிரி சின்னங்களைச் சுத்தி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதுக்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. வேற குன்றா இருந்தாலும், அனுமதி இல்லாம கல் எடுத்து விக்கறது குற்றம். "இலவசக் கல்"னு ஒரு வரி போட்டிருந்தார் இல்லையா, அந்த வரியை அடிச்சாச்சு.

அப்போ அந்தப் பாறையில செடி எப்படி வளருது?

செஞ்சி பக்கத்துக் குன்றுகள்ல சதுரக்கள்ளி, பிரண்டை, கற்றாழை எல்லாம் சாதாரணமா பார்க்கலாம். பொத்தலே இல்லாத கருங்கல்லுல அதுங்க நல்லா இருக்கு. பொத்தல் உள்ள 1,450 ரூபாய்த் தொட்டியில என் செடி செத்துச்சு. ஏன்?

பாறையோட சரிவைப் பாருங்க. மழை பெய்ஞ்சா தண்ணி நிக்காம ஓடிடுது. வெடிப்புல இருக்கிற மண்ணும் ரெண்டு மூணு விரல்கட்டைதான். கருங்கல் சிதைஞ்சு வந்த பருமணல் அதுல நிறைய. நனையும், ஓரிரு நாள்ல காஞ்சுடும். வேருக்குக் காத்து கிடைக்கும்.

இந்தச் செடிங்க பகல்ல இலைத்துளையை மூடி வெச்சுக்கும். ராத்திரி குளிர்ச்சியில திறந்து, கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்கி, அமிலமா மாத்தி இருப்பு வைக்கும். பகல்ல கதவைச் சாத்திட்டு அந்த இருப்பை வெச்சு வேலை பார்க்கும். அதனால தண்ணி வீணாகறது ரொம்பக் கம்மி. அதுங்களுக்குத் தண்ணித் தட்டுப்பாடு பெரிய பிரச்சினை இல்லை. தேங்கி நிக்கற தண்ணிதான் எமன்.

ஆக, எரிமலைக் கல் தொட்டியில நாம காசு கொடுக்கிறது எதுக்கு? தண்ணி வடியறதுக்கும் வேருக்குக் காத்து போறதுக்கும். அந்த ஒரு வேலை நடந்தா கல்லு எந்த நாட்டுதுன்னு செடி கேட்காது. எழுத்தை 1,400 வருஷம் காப்பாத்தற வேலைக்குக் கருங்கல்தான் சரி. ஆனா அடியில ஓட்டை இல்லாத தொட்டியா மாத்தினா, அந்த இறுக்கமே செடியைக் கொன்னுடும். பொருள் உசத்தியா மட்டமாங்கறதை விட, நமக்கு வேண்டிய வேலையை அது செய்யுதாங்கறதுதான் கேள்வி.

அதே வேலையைக் கம்மி காசுல எப்படி முடிக்கலாம்?

1. வாங்கறதா இருந்தா சோதிச்சு வாங்குங்க. காஞ்ச தொட்டி மேல ஒரு ஸ்பூன் தண்ணி ஊத்துங்க. உறிஞ்சினா பொத்தல் கல். வழிஞ்சு ஓடினா இறுக்கமான கல், இல்லைன்னா சிமெண்ட்டுக்குப் பெயிண்ட் அடிச்சது. அடியில ஓட்டை கட்டாயம்.

2. வீட்டுல பழைய ஆட்டுக்கல் கிடக்குதா? கிரைண்டர் வந்ததுக்கு அப்புறம் பல வீட்டுக் கொல்லையில அது சும்மாதான் கிடக்கு. அருமையான தொட்டி. ஆனா கருங்கல், ஓட்டை கிடையாது. கல்வேலை செய்யறவர்கிட்ட கொடுத்து அடியில ஒரு துளை போட்டுக்கோங்க. இல்லைன்னா சின்ன மண்தொட்டியை உள்ளே வெச்சு, மழைக்காலத்துல வெளியே எடுத்துடுங்க.

3. நீங்களே வார்க்கலாம். இதுக்கு ஹைப்பர்டூஃபான்னு பேர். சிமெண்ட் 1 பங்கு, தேங்காய்நார்த் தூள் ஒன்றரைப் பங்கு, பெர்லைட் ஒன்றரைப் பங்கு. பெர்லைட்டே எரிமலைக் கண்ணாடியைச் சூடாக்கிப் பொரி மாதிரி பொரிக்க வெச்சதுதான், நர்சரியில கிடைக்கும். தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு, பெரிய டப்பாவுக்கும் சின்ன டப்பாவுக்கும் நடுவுல ரெண்டு அங்குல கனத்துக்கு அமுக்குங்க. அடியில ஓட்டைக்கு ஒரு குச்சி சொருகுங்க. ஒன்றரை நாள் கழிச்சு அச்சுல இருந்து எடுத்து, பாலிதீன் கவர்ல சுத்தி நிழல்ல ஈரமா 3-4 வாரம் வைக்கணும். அப்புறம் சில நாள் தண்ணியில ஊறவெச்சு, தண்ணியை மாத்திக்கிட்டே இருங்க. சிமெண்ட்டோட காரம் போனாத்தான் செடி தாங்கும். கையுறையும் மாஸ்க்கும் போட்டுத்தான் பிசையணும், சிமெண்ட் தோலைப் புண்ணாக்கிடும்.

4. மண்கலவை: செம்மண் 1 பங்கு, உடைச்ச செங்கல் துண்டும் பருமணலும் சேர்ந்து 2 பங்கு, மக்கின உரம் அரைப் பங்கு. செங்கல்லை மிளகுல இருந்து கொண்டைக்கடலை சைஸுக்கு உடைச்சு, தூளைச் சலிச்சுடுங்க. தூள் இருந்தா பொத்தல் அடைஞ்சுடும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு.

5. செடி: என் பால்கனியில செத்தது எச்சிவேரியா. அதோட சொந்த ஊர் மெக்சிகோவோட மேட்டு நிலம், ராத்திரி குளிரும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டுல சந்தோஷமா இருக்கும். சென்னை, விழுப்புரம், திருச்சி வெக்கைக்கு: சோற்றுக்கற்றாழை, பிரண்டை, மருள், ஆப்பிரிக்க ஜேட்னு நர்சரியில சொல்ற போர்ச்சுலகேரியா. வெயில் படாத ஜன்னலோரம்னா ஹாவோர்த்தியா. கள்ளி வகை வெச்சா, வெட்டும்போது வர்ற பால் கண்ணுல படாம பார்த்துக்கோங்க. குழந்தைங்க இருக்கிற வீட்டுல வேண்டாம்.

6. தண்ணி: கிழமை பார்த்து ஊத்தாதீங்க. ஒரு ஈர்க்குச்சியை அடிவரைக்கும் சொருகி, அஞ்சு நிமிஷம் கழிச்சு எடுங்க. ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தா தண்ணி வேண்டாம். காஞ்சு வந்தா அடியில வடியற அளவுக்கு ஊத்துங்க. ஆர்.ஓ. ஃபில்டரோட கழிவுத்தண்ணி உப்பு, அது வேண்டாம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தொட்டி கூரைக்கு அடியில இருக்கணும். தமிழ்நாட்டுக்கு வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி அந்த மூணு மாசத்துல வருது.

மெட்ராஸ்ல நடந்த ஒரு கள்ளி பிசினஸ்

செடியைக் காப்பாத்தத் தெரிஞ்சா பிசினஸ் ஆகிடுமா? இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு பழைய பாடம் இருக்கு. 18-ம் நூற்றாண்டு கடைசியில, கிழக்கிந்தியக் கம்பெனியோட டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில ஒரு சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். நோக்கம் கள்ளி இல்லை. அதுல வளர்ற கொச்சினீல் பூச்சியில இருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம். அந்தச் சாய வியாபாரம் அப்போ ஸ்பெயின் கையில இருந்துச்சு, நல்ல லாபம். 1795-ல பிரேசில்ல இருந்து பூச்சியும் இந்தியா வந்துச்சு. ஆனா வந்தது வேற வகைப் பூச்சி. சாயம் மட்டமா இருந்ததால திட்டம் படுத்துடுச்சு. கள்ளி நல்லாத்தான் வளர்ந்துச்சு, ஆனா காசு தர்ற பொருள் அது இல்லையே!

தம்பியோட 1.5 லட்சக் கணக்கு

திரும்பி வரும்போது ஒரு டீக்கடையில உட்கார்ந்து கணக்கு போட்டோம்.

- தொட்டி 100, தலா 900: 90,000
- செடி 100, தலா 150: 15,000
- பேக்கிங், கூரியர்: 20,000
- விளம்பரம்: 25,000
- மொத்தம்: 1,50,000

விலை 1,999. நூறும் வித்தா 1,99,900. "50,000 லாபம் அண்ணா"னார்.

லோன் 14 சதவீத வட்டி, 3 வருஷம். இ.எம்.ஐ. 5,127. முழுசா கட்டினா 1,84,572. அப்போ நூறும் வித்தாக்கூட மிஞ்சறது 15,328 ரூபாய். 93 தொட்டி வித்தாத்தான் போட்ட காசே திரும்பும். நூத்துல 8 அழுகினாலோ, கூரியர்ல உடைஞ்சாலோ நஷ்டம். 75 தான் வித்துச்சுன்னா வர்றது 1,49,925. லோனோட அசலுக்கே 75 ரூபாய் குறையுது.

இன்னொண்ணு. மாசம் மிஞ்சற 7,000-ல இ.எம்.ஐ. போக 1,873 தான் கையில. அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னா, வேலை போச்சுன்னா, இருக்கிற 18,000 எத்தனை நாள் தாங்கும்? அவர் செலவு மாசம் 25,000. ஒரு மாசம்கூடத் தாங்காது.

லோனுக்குப் பதிலா 10 தொட்டி

"செலவு 1,500-ஐத் தாண்டக்கூடாது, 10 தொட்டி, ஒரு மழைக்காலம்"னு முடிவு பண்ணோம். ஜூலையில வார்த்தார். சிமெண்ட் 100, தேங்காய்நார்த் தூள் 200, பெர்லைட் 350, ஒரு ஜேட் தாய்ச்செடி 240, கையுறை மாஸ்க் 150, பேக்கிங் 400. மொத்தம் 1,440. கற்றாழையும் பிரண்டையும் வீட்டுக் கொல்லையிலயே இருந்துச்சு.

ரெண்டு தொட்டி அவசரமா அச்சுல இருந்து எடுத்ததால விரிசல். மீதி எட்டுல செப்டம்பர்ல செடி வெச்சார். மழையில ஒண்ணு அழுகிடுச்சு. ஏழு பிழைச்சுது. பொங்கல் சமயத்துல ஆபீஸ்ல 450 வீதம் நாலு வித்துச்சு. வரவு 1,800, லாபம் 360. மூணு வார இறுதி உழைப்பு. அதாவது ஒரு வார இறுதிக்கு 120 ரூபாய்.

பெரிய வெற்றிக்கதை இல்லைதான். ஆனா அந்த 1,440 ரூபாய்ல அவர் தெரிஞ்சுக்கிட்டதைப் பாருங்க: எத்தனை உடையும், எத்தனை சாகும், ஆபீஸ்ல என்ன விலைக்கு வாங்குவாங்க, தன்னோட ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன மதிப்பு. அடுத்த தடவை 20 செய்யப்போறார். லோன் எடுக்கலை. அந்த 5,127-ஐ மாசாமாசம் ஆர்.டி.யில போடறார், எமர்ஜென்சி ஃபண்டுக்கு.

இதே கேள்வியை உங்க சம்பளத்துக்கும் கேளுங்க

"இது எந்த வேலையைச் செய்யுது? அதே வேலையைக் கம்மி காசுல வேற எது செய்யும்?" இதை எங்கெல்லாம் கேட்கலாம்?

- தங்கம்: போட்டுக்க நகை வாங்கறது வேற விஷயம், தாராளமா வாங்குங்க. ஆனா 'முதலீடு'னு சொல்லி நகை வாங்கினா, செய்கூலி, சேதாரத்துக்குக் காசு கொடுக்கறீங்க. அந்தக் காசு விக்கும்போது திரும்பி வராது. தங்கத்தோட விலையேற்றம் மட்டும் வேணும்னா கோல்டு இ.டி.எஃப். அந்த வேலையைச் செய்யும்.
- இன்சூரன்ஸ்: வேலை என்ன? நீங்க இல்லாத நாள்ல குடும்பத்துக்குப் பெரிய தொகை. அதை டெர்ம் பாலிசி கம்மி பிரீமியத்துல செய்யுது. சேமிப்பையும் அதுலயே கலந்தா ரெண்டு வேலையும் அரைகுறையாகிடும்.
- நோ காஸ்ட் இ.எம்.ஐ.: வட்டியைத் தள்ளுபடியாக் காட்டுவாங்க. ஆனா அந்த வட்டி மேல ஜி.எஸ்.டி. உண்டு, பல சமயம் பிராசஸிங் ஃபீஸும் உண்டு. மொத்தக் காசா கட்டினா என்ன விலைன்னு கேட்டுட்டு முடிவெடுங்க.

இந்த வார வீட்டுப்பாடம்

உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுங்க. மாசாமாசம் தானா போற மூணு செலவைக் குறிச்சுக்கோங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அது செய்யற வேலையை ஒரே வரியில எழுதுங்க. எழுத முடியலையா? அது நான் மார்ச் வரைக்கும் கட்டின இ.எம்.ஐ. மாதிரி. முதல்ல அதை நிறுத்த வழி பாருங்க.

தொட்டி வார்க்கிற முறையை அடுத்த வீடியோல முழுசா செஞ்சு காட்டறேன். அதுக்குள்ள ரெண்டு பழைய டப்பா எடுத்து வெச்சுடுங்க. ஊர்ல ஆட்டுக்கல் இருந்தா அம்மாகிட்ட கேட்டுட்டு எடுங்க, கேட்காம துளை போட்டுடாதீங்க!